டொயோட்டா ராவ்4 ஹைப்ரிட்: மகள் வாந்தி எடுக்காத வண்டி

எங்கள் மகளுக்கு ஏழு வயது. காரில் அரைமணி நேரம் போனாலே முகம் வெளுத்துவிடும், அப்புறம் கவரை எடு, ஜன்னலை இறக்கு, ஓரமாக நிறுத்து என்று வழியெல்லாம் இதே பாடுதான். அதனால் எஸ்யூவி வாங்கலாம் என்று முடிவானதும் நான் குதிரைத்திறன் பக்கமே போகவில்லை. டெஸ்ட் டிரைவுக்கு முதல் முறை தனியாகப் போனதில் உருப்படியாக ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது முறை மகளையும் என் அம்மாவையும் பின்னால் உட்கார வைத்து வளைவுகள் நிறைந்த ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டினேன், திரும்பிப் பார்த்தால் மகள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே மனசு முடிவு செய்துவிட்டது. எடுத்தது 2018இல் அறிமுகமான ஐந்தாம் தலைமுறை, நான்கு சக்கர இயக்கம் உள்ளது. இப்போது எட்டு மாதம் ஓட்டியாகிவிட்டது.

தூங்கியதற்குக் காரணம் உண்டு. இதில் கியர் மாறுவது என்பதே கிடையாது. 2.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினையும் மின் மோட்டார்களையும் ஒரு கோள் கியர் அமைப்பு (நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள் சுழல்வது) சேர்த்து வைக்கிறது. 1997இல் வந்த முதல் பிரியஸிலிருந்து இதே அடிப்படைதான். கிளம்பும்போது பெரும்பாலும் மோட்டார்தான் இழுக்கிறது, அதனால் சிக்னலில் நின்று நின்று போகும்போது தலை முன்னும் பின்னும் ஆடுவதில்லை. இன்னொன்று வண்டி உடம்பின் ஆட்டம். ஐந்து நொடிக்கு ஒரு முறை என்ற கணக்கில் வருகிற மெதுவான ஆட்டம்தான் குமட்டலை அதிகம் கிளப்பும். சஸ்பென்ஷன் மெத்தை போல இருந்தால் நல்லது என்று நானும் நினைத்திருந்தவன்தான், ஆனால் இது கொஞ்சம் இறுக்கம், மேட்டில் ஏறி இறங்கினால் ஒரே அசைவில் அடங்கிவிடுகிறது. கனமான பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் தாழ்வாக இருப்பதும் வளைவில் உதவுகிறது.

சரி, பிடிக்காதது எது? சத்தம். இந்த வகை ஹைப்ரிட் எல்லாவற்றுக்கும் உள்ள குணம் இது: ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் இன்ஜின் ஒரே உச்ச ஸ்தாயியில் கத்திக்கொண்டே இருக்கும், வேகம் மட்டும் பின்னாலேயே மெதுவாக ஏறி வரும். காலை லேசாக எடுத்தால் சத்தம் பாதியாகக் குறைகிறது, வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை. முந்துவதற்கு 220 குதிரைத்திறனை ஒட்டிய சக்தி தாராளமாகப் போதும். இறக்கத்தில் லீவரை ‘எஸ்’ஸில் போட்டு மைனஸ் பக்கம் தட்டுங்கள், இன்ஜினே பிடித்துக்கொள்ளும், பிரேக் அவ்வளவாகச் சூடாகாது. பிரேக் பெடலும் பழகத்தான் வேண்டும். முதலில் மோட்டார் மின்சாரம் தயாரித்தபடி வேகத்தைக் குறைக்கும், அப்புறம்தான் பிரேக் பேட் பிடிக்கும். பழகும் வரை ஒரு வாரம் நான் நிறுத்தும்போதெல்லாம் கடைசி அடியில் ஒரு குலுக்கல் இருந்தது.

பின் சக்கரங்களுக்குத் தனி மோட்டார், முன்னாலிருந்து பின்னால் போகிற நீளத் தண்டே கிடையாது. மழையில் வழுக்குகிற ஏற்றம், சரளைக்கல் பாதை, இவற்றுக்கு நன்றாகவே கைகொடுக்கிறது. பாறை ஏறுவதற்கான வண்டி இல்லை இது, அதற்கு இறக்கவும் வேண்டாம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. தாழ்வான காரில் உட்காருவதே அவருக்குப் பெரும்பாடு, உயரமான ஜீப் என்றால் ஏற முடியாது. இதில் சீட் அவர் இடுப்பு உயரத்துக்கே வருகிறது, திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொள்கிறார், கை கொடுக்க வேண்டியதில்லை. பெட்டி வைக்க 580 லிட்டர் இடம், நான்கு பேர் சாமான் சீட்டை மடக்காமலே அடங்குகிறது. மைலேஜ் லிட்டருக்கு 16, 17 கிலோமீட்டர்.

குழந்தை இருக்கிற வீட்டுக்காரர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். பின் சீட்டுக்குக் கீழே, கால் வைக்கிற பக்கம், பேட்டரிக்குக் குளிர்காற்று இழுக்கும் துவாரங்கள் இருக்கின்றன. போர்வை, பை எதையும் அங்கே அடைத்து வைக்கக் கூடாது. பிஸ்கட் தூளும் தலைமுடியும் அங்கேதான் போய்ச் சேரும், உள்ளே ஒரு ஃபில்டர் இருக்கிறது. ஆறாவது மாதம் கழற்றிப் பார்த்தபோது சாம்பல் நிறத்தில் மெல்லிய கம்பளி விரித்தது போல தூசு படிந்திருந்தது. வாக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிட்டு மாட்டினேன், ஐந்து நிமிட வேலை.

மூன்றாவது வரிசை இதில் இல்லை. பின்னால் இரண்டு குழந்தை சீட் மாட்டினால் நடுவில் பெரியவர் உட்காருவது சிரமம்தான். ஆறு பேர் சேர்ந்து போகிற குடும்பம் என்றால் வேறு வண்டி பாருங்கள். எங்களைப் போல நான்கு பேர், அதில் ஒருவருக்கு வயிறு புரட்டும் என்றால், பின் சீட்டில் அவரை உட்கார வைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.