23,000 கி.மீ. தான் ஓடிருக்குன்னு சொல்லி எனக்கு வித்த பத்மினி கார்

பழைய பத்மினி, அம்பாசிடர்னு தேடிட்டு இருக்கறவங்க வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. போன நவம்பர்ல காரைக்குடி பக்கம் ஒரு புரோக்கர்கிட்ட 1985 மாடல் பிரீமியர் பத்மினி வாங்கினேன், மூணேகால் லட்சம். "டாக்டர் வண்டி தம்பி, ஒரே ஓனர், 98ல ஷெட்டுல விட்டது, அப்புறம் வெளிய எடுக்கவே இல்ல, மீட்டரப் பாருங்க"ன்னார். மீட்டர்ல 23,118. எங்க அப்பா வச்சிருந்த பத்மினிய அக்கா கல்யாணத்துக்காக வித்தாங்க, அதே வெள்ளை, ஸ்டியரிங் பக்கத்துல அதே கியர் ராடு. அதைப் பாத்ததுமே எனக்கு பாதி முடிவு ஆயிடுச்சு, அவருக்கும் அது புரிஞ்சிருச்சு.

நான் போனப்ப வண்டி ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆச்சு. இருபது வருஷத்துக்கு மேல நின்ன வண்டி இவ்வளவு ஈஸியா ஸ்டார்ட் ஆகுதேன்னு சந்தோஷப்பட்டேனே தவிர, பானட்டைத் திறக்கறப்ப கைல சூடு பட்டதை யோசிக்கல. நான் வர்றதுக்கு முன்னாடியே அரைமணி நேரம் ஓட விட்டு சூடு பண்ணி வச்சிருக்காங்க. சூடான எஞ்சின்ல ஆரம்ப ஸ்டார்டிங் கஷ்டமும் தெரியாது, காலைல முதல்ல ஆயில் எரிஞ்சு வர்ற நீலப்புகையும் தெரியாது. இன்னொன்னு, எஞ்சின் பக்கத்துல ரெண்டு லிட்டர் வாட்டர் பாட்டில்ல பெட்ரோல் ஊத்தி டியூப் போட்டு பம்புக்கு கொடுத்திருந்தாங்க. கேட்டதுக்கு "டேங்க் சும்மா ஒருதடவ கழுவணும் தம்பி, வேற ஒண்ணுமில்ல"ன்னார். பாட்டில்ல ஓடுற வண்டின்னா டேங்க் உள்ள துருவும், பழைய பெட்ரோல் காஞ்சு பிசின் மாதிரி ஆனதும் கிடக்குன்னு அர்த்தம். அதை அப்படியே ஓட்டினா அந்த துரு பூராவும் பைப் வழியா கார்புரேட்டருக்கு வந்து ஜெட்டை, அதாவது பெட்ரோல் போற சின்ன ஓட்டைய, அடைக்கும்.

டேங்கைக் கழுவி ஃபில்டர் மாத்தி தர்றேன்னு ஒரு வாரம் டைம் கேட்டார், அப்புறம் நானே ஓட்டிட்டு வந்தேன். காரைக்குடில இருந்து திருச்சி வரைக்கும் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். திருமயம் தாண்டறதுக்குள்ள பிரேக் பெடல் மெதுவா இறங்க ஆரம்பிச்சு, ஒரு டிராக்டருக்குப் பின்னாடி மிதிச்சப்ப தரையோட போயிடுச்சு, ஹேண்ட் பிரேக்கையும் கியரையும் வச்சு ஓரத்துல இருந்த மண்ணுல ஏத்தி நிறுத்தினேன். பக்கத்து சீட்ல என் பையன். இப்ப நினைச்சாலும் கை நடுங்குது. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், வருஷக்கணக்கா நின்னா வீல் சிலிண்டர் உள்ள துரு பிடிச்சு சொரசொரப்பா ஆயிடும், அந்த நிலைமைல நாலு தடவ அழுத்தி மிதிச்சா உள்ள இருக்கற ரப்பர் கிழிஞ்சு ஆயில் வெளிய வந்துடும். நின்ன வண்டிய வாங்கினா ஸ்டார்ட் ஆகுதா இல்லையாங்கறது ரெண்டாவது விஷயம், பிரேக் பூராவும் பிரிச்சு ரப்பர், ஹோஸ், ஆயில் எல்லாம் புதுசு போடாம ரோட்டுல இறக்கவே கூடாது, லாரில ஏத்தித்தான் கொண்டு வரணும். இது அந்த புரோக்கருக்குத் தெரியாம இல்ல, இருபது வருஷமா இதே தொழில்ல இருக்கேன்னு அவரே சொன்னார்.

திருச்சில எங்க மெக்கானிக் பாய் வண்டிய பிட்ல ஏத்தினதும் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, காந்தம் கொண்டுபோனீங்களா?" அடில பளபளன்னு புது அண்டர்கோட். ஸ்க்ரூடிரைவரால குத்தினா உள்ள போயிடுச்சு. டிரைவர் பக்கம் தரை, கதவுக்கு அடில இருக்கற பாக்ஸ், டிக்கி ஓரம் எல்லாம் தகடு இல்ல, ஓட்டைய அடைச்சு பூசின பட்டி. தகட்டுல காந்தம் ஒட்டும், பட்டில ஒட்டாது, அதுக்குத்தான் அவர் காந்தம் கேட்டது. ஷெட்டுக்கு மண் தரை, நான் அதைப் பாத்தேன், ஆனா யோசிக்கல. மண் தரைல இருந்து ஈரம் மேல வந்துட்டே இருக்கும், மேல பெயின்ட் நல்லா இருக்கும், கீழ தகடு கரைஞ்சிட்டு இருக்கும். பத்மினிக்கு தனி சேஸிஸ் ஃபிரேம் கிடையாது, பாடிதான் எல்லா பாரத்தையும் தாங்குது, அதனால தரை போச்சுன்னா அது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள எவ்வளவு அழுத்தம் நிக்குதுன்னு பாத்தப்ப, நாலுல மூணு சிலிண்டர் 110 கிட்ட, மூணாம் நம்பர் சிலிண்டர் மட்டும் 55. வண்டி நிக்கறப்ப ஏதாவது ஒரு சிலிண்டர்ல வால்வு திறந்த நிலைல நின்னுடும், அது வழியா ஈரக்காத்து போய் போர்ல, அதாவது சிலிண்டரோட உள்சுவர்ல, துரு பிடிக்கும். அதை சரியா எழுப்பணும்னா பிளக்கைக் கழட்டி ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் ஆயில் விட்டு ரெண்டு மூணு நாள் ஊற வச்சு, கையால மெதுவா சுத்திப் பாத்து, பழைய ஆயிலை மாத்தி, அப்புறம்தான் செல்ஃப் போடணும். இவங்க நேரா பேட்டரி ஜம்ப் பண்ணி ரேஸ் கொடுத்திருக்காங்க. துரு மேல பிஸ்டன் ரிங் ஓடி போர் கீறிடுச்சு. மூணு நாள் பொறுமையா இருந்திருந்தா அந்த எஞ்சின் பிழைச்சிருக்கும், எனக்கு காசை விட இதுதான் ஆத்திரம்.

இப்ப கிலோமீட்டர் கதை. தரை வெல்டிங்குக்காக பின் சீட்டைக் கழட்டினப்ப அடில மடிச்ச ஒரு சர்வீஸ் பில் கிடந்துச்சு. 1993 மார்ச், 71,860 கி.மீ. அந்த மீட்டர்ல அஞ்சு இலக்கம்தான், 99,999 தாண்டினா திரும்ப பூஜ்யம். அதாவது என் வண்டி ஓடினது 23,000 இல்ல, குறைஞ்சது 1,23,000. பில்லை போட்டோ எடுத்து அனுப்பினேன். "மீட்டர்ல என்ன இருந்துச்சோ அதத்தான சொன்னேன், நான் எதையும் திருப்பல"ன்னு பதில், அதுக்கப்புறம் போன் எடுக்கல. திருப்பலதான், ஆனா மூணு பெடலுக்கும் புது ரப்பர் போட்டு, டிரைவர் சீட்டுக்கு மட்டும் புதுசா ஸ்பிரிங் கட்டி உறை மாத்தினது யாரு? தேய்ஞ்ச பெடல் பொய் சொல்லாதுன்னு தெரிஞ்சுதான மாத்திருக்காங்க. பழைய சர்வீஸ் பில், இன்சூரன்ஸ் பேப்பர், ஏதாவது ஒரு காகிதம் இல்லாம மீட்டர் நம்பருக்கு ஒரு ரூபா கூட அதிகம் கொடுக்காதீங்க.

ஆர்.சி. இன்னும் தொங்கிட்டு இருக்கு. சேஸிஸ் நம்பர் சரி, எஞ்சின் நம்பர் ஆர்.சி.ல இருக்கறதோட ஒத்துப்போகல, எப்பவோ எஞ்சின் மாத்திருக்காங்க, அதை ஆர்.டி.ஓ.ல பதியல. நான் அன்னைக்கு சேஸிஸ் மட்டும் பாத்துட்டு விட்டுட்டேன். சொந்த காருக்கு 15 வருஷம் முடிஞ்சா அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவ புதுப்பிக்கணும், இது பல தடவ விட்டுப்போயிருக்கு, அந்த செலவு, கிரீன் டாக்ஸ் எல்லாம் என் தலைல.

இதுவரைக்கும் வண்டி விலைக்கு மேல ஒன்றரை லட்சம் போயிருக்கு. சாமான் பாதி சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகள்ல அலைஞ்சு எடுத்தது. வித்துடுன்னு வீட்ல சொல்றாங்க, எனக்கு மனசு வரல, இன்னொருத்தர் தலைல இதைக் கட்ட மாட்டேன். போர் பண்ணி எஞ்சின் ரெடி ஆயிடுச்சு, பெட்ரோல் ஹோஸ் பூரா மாத்தியாச்சு (இப்ப பங்க்ல வர்ற 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு பழைய ரப்பர் தாங்காது, வச்சிருக்கறவங்க பாத்துக்கோங்க). சிமென்ட் தரைல நிறுத்தி காட்டன் கவர்தான் போடுறேன், பிளாஸ்டிக் கவர் ஈரத்தை உள்ளயே பிடிச்சு வச்சுக்கும். ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ நல்லா சூடாகற வரைக்கும் இருபது கிலோமீட்டராவது ஓட்டணும்னு பாய் சொல்லிருக்கார், அஞ்சு நிமிஷம் நின்ன இடத்துல ஓட விட்டு ஆஃப் பண்ணா சைலன்சர்லயும் ஆயில்லயும் தண்ணிதான் சேருமாம். ஆர்.சி. கைக்கு வந்ததும் அப்படித்தான் ஓட்டப் போறேன்.

போன வாரம் நண்பர் ஒருத்தர் ஒரு விளம்பரம் அனுப்பினார். அதே ஷெட், அதே மண் தரை, இந்த தடவ அம்பாசிடர், 19,000 கி.மீ., ஒரே ஓனர். யாராவது பாக்கப் போறதா இருந்தா முன்கூட்டியே போன் பண்ணாதீங்க, காலைல திடுதிப்புன்னு போய் நில்லுங்க, போனதும் முதல்ல பானட் மேல கைய வைங்க.