காம்போசிட், வெள்ளி, ஜிஐசி: மூன்று அடைப்பும் என் வாயில் எப்படி இருக்கின்றன

கீழ்க் கடைவாய்ப் பல்லில் பழைய வெள்ளி அடைப்பு, மேல்வாயில் பல் நிறத்திலேயே இருக்கும் பிசின் வகை அடைப்பான காம்போசிட், ஈறோரத்தில் ஜிஐசி எனப்படும் கிளாஸ் அயனோமர் சிமெண்ட். மூன்றையும் வைத்து மென்றுகொண்டிருக்கிறேன். எது நல்லது என்று யாராவது கேட்டால், சொத்தை எந்த இடத்தில் இருக்கிறது, அடைக்கும்போது அங்கே எச்சில் படாமல் காக்க முடியுமா என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். நிறமெல்லாம் அப்புறம்.

காம்போசிட்டை இரண்டு தடவை போட வேண்டியதாயிற்று. முதலில் போட்ட இடத்தில் கன்னத்துக்குள் பஞ்சை அடக்கி, குழி முழுவதையும் ஒரே அடியாக நிரப்பி, விளக்கைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். ஓரம் விட்டுப்போய் அடியிலேயே மறுபடி சொத்தை. எனக்கு இன்றைக்கும் அதில் கோபம் உண்டு.

இப்போது பார்க்கும் மருத்துவர் வேறு ரகம். மெல்லிய ரப்பர் விரிப்பில் துளையிட்டு அந்தப் பல்லை மட்டும் வெளியே எடுத்தார். நாக்கும் எச்சிலும் அந்தப் பக்கமே வர முடியாது. பிறகு அமில ஜெல்லைத் தடவிக் கொஞ்ச நேரம் விட்டுக் கழுவினார். பல்லின் மேலோடான எனாமல் சொரசொரப்பானால்தான் பசை பிடிக்குமாம். அதன்மேல் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் ஒவ்வொரு அடுக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் நீல ஒளி காட்டினார். காம்போசிட் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். ஒளியும் ஆழத்துக்கு இறங்காது. அதனால்தான் இந்த நிதானம். வாய் திறந்தே இருந்ததில் தாடை வலித்தது உண்மைதான், ஆனால் அடைப்பு எங்கே முடிகிறது, பல் எங்கே தொடங்குகிறது என்று நாக்குக்கே தெரியவில்லை.

வெள்ளி அடைப்பு, அதாவது அமால்கம், எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். அது பல்லில் ஒட்டாது. குழியை உள்ளே அகலமாகவும் மேல் திறப்பில் குறுகலாகவும் குடைந்தால்தான் நிற்கும், அதில் நல்ல பல்லும் கொஞ்சம் போகும். ஆனால் ஈரத்தைத் தாங்கும், வருஷக்கணக்காக உழைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 முதல், மருத்துவரீதியாகத் தவிர்க்க முடியாத நிலை தவிர, இதைப் போடக் கூடாது. இதைக் கேள்விப்பட்டு என்னுடையதைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டேன். "உறுதியா இருக்குங்க, விரிசல் இல்லை, அடியில சொத்தையும் இல்லை. குடைஞ்சு எடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகமா வரும், பல்லும் வீணாப் போகும்" என்று மறுத்துவிட்டார். வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்கிற மருத்துவரிடம் நம்பிக்கை தானாக வருகிறது.

ஜிஐசி தானாகவே பல்லோடு ஒட்டிக்கொள்ளும், ஃப்ளோரைடும் கசியும். மெல்லும் பரப்பில் வைத்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஈறோரக் குழிக்கும் பால் பல்லுக்கும் சரி. என்னுடையது பளபளப்பு போய் மங்கிவிட்டது. கூச்சம் மட்டும் திரும்பவில்லை, எனக்கு அது போதும்.

சொத்தை நரம்பு வரை போய்விட்டால் இந்த மூன்றில் எதையும் வைத்து அடைத்தால் மட்டும் பெரும்பாலும் போதாது, ரூட் கேனல் போன்ற சிகிச்சை தேவைப்படும். எனவே எக்ஸ்ரே படம் எடுக்காமல் ஆழமான குழியை அடைக்க வந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இன்னொன்று. அடைத்து முடித்ததும் வண்ணத் தாளைக் கடிக்கச் சொல்லி உயரம் பார்ப்பார்கள். மரப்பு ஊசி வேலை செய்யும்போது கடி சரியாகத் தெரியாது. மறுநாள் அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால் பழகிவிடும் என்று விடாமல் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். தேய்த்துவிடுவது சில நிமிட வேலை.