கிராஸ்லிங்கிங்குக்குப் பிறகு கார்னியா தடிமன்: எந்தக் கருவியின் எண்ணை நம்பலாம்?

கண்ணின் முன்புறத்தில் உள்ள ஒளிபுகும் படலமான கார்னியா மெலிந்து கூம்பாகப் புடைக்கும் நோய் கெரட்டோகோனஸ். அதை மேலும் முற்றாமல் நிறுத்த, கார்னியாவை உறுதியாக்கும் கிராஸ்லிங்கிங் சிகிச்சையைச் செய்துகொண்டவர்கள் மூன்றாம் மாத ஸ்கேனைப் பார்த்துப் பதறுவது வழக்கம். "முன்னாடி 460 மைக்ரான், இப்ப 430. நோய் நிக்கலையா?" இந்த எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. சிகிச்சைக்குப் பின் முதல் சில மாதங்கள் கார்னியா மெலிவது இயல்பு. ஓராண்டுக்குள் பெரும்பாலும் தேறிவிடும். போதாக்குறைக்கு, கருவியும் தன் பங்குக்குக் குறைத்துக் காட்டும்.

அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் பென்டாகேம் என்னும் ஸ்கேன் கருவி. அதன் சுழலும் கேமரா நீல ஒளிக்கீற்றால் கார்னியாவைக் குறுக்காகப் படமெடுத்து, முன்விளிம்பையும் பின்விளிம்பையும் கண்டுபிடித்துத் தடிமனைக் கணக்கிடுகிறது. கிராஸ்லிங்கிங் ஆன கண்ணில் மெல்லிய மங்கல் படரும். ஒளி அதில் சிதறுவதால் பின்விளிம்பைக் கணிப்பதில் மென்பொருள் தடுமாறும். மங்கல் உச்சத்தில் இருப்பதும் அதே முதல் மூன்று மாதங்களில்தான்.

கார்னியாவை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் பயன்படுத்துவது அகச்சிவப்பு ஒளி; மங்கல் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. மேல்தோலான எபிதீலியத்தைத் தனியாக அளந்து காட்டும். சிகிச்சை எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதைச் சொல்லும் கோடும், சுமார் 300 மைக்ரான் ஆழத்தில், முதல் மாத ஓசிடி படத்தில் பலருக்குத் தெரியும். முதல் அரையாண்டுக்கு என் ஓட்டு இதற்கே.

ஒலியலையால் தடிமனை அளக்கும் அல்ட்ராசவுண்ட் பேக்கிமெட்ரி பழைய கை. மரத்துப்போகச் சொட்டு விட்டு, முனையைக் கண்ணில் தொட்டு அளப்பார்கள். மங்கல் இதற்குப் பெரிய பொருட்டில்லை. ஆனால் தொட்ட புள்ளியின் தடிமனை மட்டுமே சொல்லும். கெரட்டோகோனஸில் மிக மெல்லிய இடமோ நடுவிலிருந்து விலகி, பெரும்பாலும் கீழ்ப்புறம் இருக்கும். கை சற்று நகர்ந்தாலே எண் மாறும். பின்தொடர் பரிசோதனைக்கு நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். அறுவை அரங்கில் கதையே வேறு: எபிதீலியத்தை நீக்கியபின் பாதுகாப்புக்குத் தேவையான 400 மைக்ரான் மிஞ்சுகிறதா, சிகிச்சையில் விடும் டெக்ஸ்ட்ரான் கலந்த ரிபோஃப்ளேவின் சொட்டு கார்னியாவை இன்னும் மெலியவைத்துவிட்டதா என்று, படுத்திருப்பவரின் கண்ணில் அங்கேயே பார்க்க இதுதான் கைகொடுக்கும்.

ஓராண்டு கடந்தபின் பென்டாகேமே போதும். வளைவும் பின்பரப்பும் ஒரே ஸ்கேனில் கிடைத்துவிடும். ஆனால் ஓசிடி எண்ணிலிருந்து பென்டாகேம் எண்ணைக் கழித்துப் பார்ப்பது வீண் வேலை; இரண்டும் அளக்கும் விதமே வேறு. பென்டாகேம் அறிக்கையை வாங்கும்போது, ஸ்கேன் தரத்தைக் காட்டும் 'க்யூஎஸ்' கட்டத்தை முதலில் பாருங்கள். அங்கே 'ஓகே' இல்லாமல் மஞ்சளோ சிவப்போ இருந்தால், இன்னொரு முறை எடுக்கச் சொல்லிவிட்டு அப்புறம் மைக்ரானைப் பேசலாம்.