செர்க்கியோவா, வால்நெரினாவா? கார் எடுக்காதவர்களுக்கான கணக்கு

ரோம், ஃபுளோரன்ஸ் முடித்த கையோடு இரண்டு மூன்று நாள் கிராமத்துப் பக்கம் ஒதுங்க நினைப்பவர்களுக்கு இத்தாலியில் நல்ல பள்ளத்தாக்குகள் இரண்டு. ஒன்று தஸ்கனியில், லூக்காவுக்கு வடக்கே ஓடும் செர்க்கியோ. மற்றது உம்பிரியாவில் நேரா ஆறு ஓடும் வால்நெரினா. கல்வீடு, கோட்டை, காடு எல்லாம் இரண்டிலும் உண்டு. அழகை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கார் இல்லையென்றால் என் ஓட்டு செர்க்கியோவுக்கு.

காரணம் ரயில். லூக்காவிலிருந்து அவுல்லா போகும் பாதை ஆற்றையொட்டியே ஏறுகிறது. காஸ்தெல்நுவோவோ (தி கார்ஃபஞ்ஞானா) ஊர் வரை சுமார் ஒரு மணி நேரம். வழியில் போர்கோ ஆ மொத்ஸானோவில், கூன் விழுந்த முதுகு மாதிரி ஒரே ஒரு வளைவு மட்டும் உயர்ந்து நிற்கும் இடைக்காலக் கல்பாலம் இருக்கிறது. ஊரார் அதைச் சாத்தான் பாலம் என்பார்கள். 1900 வாக்கில் தண்டவாளத்துக்காக அதன் ஓரத்தில் புதிதாக ஒரு வளைவு திறந்தார்கள். ரயில் அதற்குள் நுழைந்துதான் போகிறது.

சிக்கல் எங்கே என்றால், நிலையங்கள் ஆற்றங்கரையில், ஊர்கள் குன்றின்மேல். பார்கா-காலிகானோ நிலையத்தில் இறங்கினால் பழைய பார்காவுக்குச் சுமார் நான்கு கிலோமீட்டர் ஏற்றம். பாஞ்ஞி தி லூக்கா நிலையமும் ஊருக்குள் இல்லை, ஃபோர்னோலியில் இருக்கிறது. ஆகவே பேருந்து அட்டவணையைப் படிக்கத் தெரிய வேண்டும். ‘ஃபெரியாலே’ என்றால் திங்கள் முதல் சனி வரை, சனிக்கிழமையும் சேர்த்தி. ‘ஃபெஸ்திவோ’ ஞாயிறும் விடுமுறை நாளும். ‘ஸ்கொலாஸ்திக்கோ’ என்று போட்டிருந்தால் பள்ளி நடக்கும் நாளில் மட்டுமே ஓடும். ஜூலையில் அந்த வண்டிக்குக் காத்திருந்து பயனில்லை. பேருந்துச் சீட்டை ‘தபாக்கி’ எனும் புகையிலைக் கடையில் முன்கூட்டியே வாங்குங்கள். ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுமுன் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். வேலைநிறுத்தம் வார நாளில் வந்தால் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் ஓடியே ஆக வேண்டும். ஞாயிறன்று அந்த உத்தரவாதம் கிடையாது.

தங்க காஸ்தெல்நுவோவோவே வசதி: நிலையத்திலிருந்து நடந்தே ஊருக்குள் போய்விடலாம். 1522 முதல் 1525 வரை கவிஞர் அரியோஸ்தோ ஆளுநராக இருந்த கோட்டை ஊர் நடுவிலேயே நிற்கிறது. பார்காவுக்குப் போகிறவர்கள் பேராலயத்துப் பளிங்குப் பிரசங்க மேடையைச் சுற்றி வந்து பாருங்கள். ஒரு தூணைச் சுமப்பவன் ஒரு குள்ளன். காற்றுக் குகையான குரோத்தா தெல் வெந்தோவுக்கு மட்டும் டாக்சி பேசிக்கொள்வது நல்லது; உள்ளே ஆண்டு முழுக்கச் சுமார் 11 டிகிரி, ஸ்வெட்டர் வேண்டும்.

வால்நெரினாவின் ரயில் போய்ப் பல காலமாகிறது. 1926-இல் தொடங்கிய ஸ்பொலேத்தோ–நோர்ச்சா பாதையை 1968-இல் மூடினார்கள். இன்று அது நடைக்கும் சைக்கிளுக்கும். சைக்கிள்காரர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே வால்நெரினா மேல். நீளமான சுரங்கங்களில் வெளிச்சம் கிடையாது, டார்ச் அவசியம். ரோமானியர்கள் கி.மு. 271-இல் வெட்டிவிட்ட 165 மீட்டர் மார்மோரே அருவி மின்நிலையத்துக்குக் கட்டுப்பட்டது: தண்ணீர் திறந்துவிடும் நேரம் பார்க்காமல் போனால் வெறும் பாறைதான். நோர்ச்சாவையும் காஸ்தெல்லூச்சோவையும் 2016 நிலநடுக்கம் கடுமையாகச் சிதைத்தது; பழைய படங்களை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஸ்கெஜீனோ, வால்லோ தி நேரா போன்ற சிற்றூர்களை ஒரே நாளில் பார்க்கக் கார்தான் வழி. அதற்கு இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஊரிலேயே ஆர்டிஓவில் வாங்கி வர வேண்டும்.

இதெல்லாம் மே முதல் அக்டோபர் தொடக்கம் வரைக்கான கணக்கு; குளிர்காலத்துக்கும் இது பொருந்தும் என்று வாதாட மாட்டேன். செர்க்கியோவில் மழை அதிகம், கடல்காற்றை அபுவான் மலைகள் மறித்துக் கொட்ட வைக்கின்றன. சைவர்களுக்குச் செஸ்ட்நட் மாவில் சுட்டு ரிக்கோத்தா வைத்துத் தரும் ‘நெச்சி’ தோசை உண்டு. ஃபார்ரோ கோதுமை சூப்பில் மட்டும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், கேட்டுவிட்டு வாங்குங்கள். நோர்ச்சாவோ பன்றி இறைச்சிக்கே பேர்போன ஊர். அங்கே சைவர்களுக்குத் துணை காஸ்தெல்லூச்சோ பருப்புதான்.