பி.ஏ.வா, பி.காமா, பி.பி.ஏ.வா, பி.சி.ஏ.வா: ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பிளஸ் டூ முடிவுகள் வெளிவந்ததும், சட்டம் படிக்க விரும்பும் பிள்ளைகளின் வீடுகளில் விவாதம் ‘எல்எல்.பி.’ என்பதற்கு முன்னால் எந்தப் பட்டம் வர வேண்டும் என்பதைச் சுற்றியே நடக்கிறது. பி.காம். சேர்ந்தால் கம்பெனி வேலை, பி.ஏ. சேர்ந்தால் கோர்ட்டு, பி.சி.ஏ. சேர்ந்தால் சைபர் சட்டம் என்று உறவினர்களிடம் தயாரான விடைகள் உண்டு. இவற்றில் பாதி உண்மையும் இல்லை. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் 2008-இல் வகுத்த சட்டக் கல்வி விதிகளிலிருந்து தொடங்குவதே முறை.

அந்த விதிகளின்படி, பி.ஏ. போன்ற ஒரு பட்டத்தையும் எல்எல்.பி.யையும் ஐந்தாண்டில் சேர்த்துத் தரும் எந்த ஒருங்கிணைந்த பட்டமாக இருந்தாலும் மாணவர் 20 கட்டாயச் சட்டப் பாடங்களையும், மனு வரைதல், மாதிரி நீதிமன்றம் உள்ளிட்ட 4 பயிற்சிப் பாடங்களையும், குறைந்தது 6 விருப்பப் பாடங்களையும் படித்தாக வேண்டும். ஹானர்ஸ் பட்டம் என்றால் அதற்கு மேலும் 8 பாடங்கள். ஒப்பந்தச் சட்டமும், குற்றவியல் நடைமுறையும், சாட்சியச் சட்டமும் பி.ஏ. மாணவருக்கும் பி.காம். மாணவருக்கும் ஒன்றே. படிப்பை முடித்து, 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்யும்போதும், தொழில் செய்யத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வை எழுதும்போதும், உங்கள் முதல் பட்டம் எது என்பது தடையும் அல்ல, சலுகையும் அல்ல. வேறுபாடு முழுவதும் முதல் சில பருவங்களில் வரும் சட்டம் சாராத பாடங்களில்தான் இருக்கிறது. ஆகவே அந்தப் பாடங்கள் ஒரு வழக்கறிஞரின் மேசையில் எங்கே உதவுகின்றன என்று பார்ப்பதுதான் நேர்மையான ஒப்பீடு.

பி.ஏ., எல்எல்.பி.யை எடுத்துக்கொள்வோம். வேறு எதுவும் கிடைக்காதவர்கள் சேரும் பிரிவு என்ற பெயர் இதற்கு உண்டு. அது அநியாயமான பெயர். அரசியல் அறிவியல், வரலாறு, சமூகவியல், பொருளியல் ஆகியவை அரசமைப்புச் சட்டத்தைப் படிப்பதற்கான அடித்தளம். செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை வெறும் சட்டப் பாடமாகப் படிப்பவருக்கு, கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை, சாதி, மதம் காரணமாகக் கல்லூரி இடம் மறுக்கப்படுவதைத் தடுக்கும் 29(2) பிரிவுக்கு முரணானது என்று நீதிமன்றம் கூறியதும், அதையடுத்து முதல் அரசமைப்புத் திருத்தத்தின் வழியாக, பின்தங்கியோருக்குச் சிறப்பு ஏற்பாடுகளை அனுமதிக்கும் 15(4) பிரிவு சேர்க்கப்பட்டதும் தெரியவரும். நீதிக்கட்சி ஆட்சியையும், 1920-களில் அந்த அரசாணை எழுந்த சூழலையும் வரலாற்றுப் பாடத்தில் படித்தவருக்கோ, ‘சமூக ரீதியாகவும் கல்வி ரீதியாகவும் பின்தங்கிய’ என்ற சொற்கள் அந்தப் பிரிவில் ஏன் வந்தன என்பது விளங்கும். ரிட் மனுக்கள், பணி விவகாரங்கள், நில எடுப்பு என்று உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்ய நினைப்பவருக்கு இது சிறிய ஆதாயம் அல்ல. யு.பி.எஸ்.சி., டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வுகளையும் மனத்தில் வைத்திருப்பவருக்குப் பாடத்திட்டத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே கையில் இருக்கும். குறை என்னவென்றால், இந்தப் பாடங்களைத் தேர்வுக்கு முந்தின வாரம் கைடு வாங்கி மனப்பாடம் செய்து கடந்துவிட முடியும். பலர் அப்படித்தான் கடக்கிறார்கள். அவர்களுக்கு எந்த ஆதாயமும் இல்லை.

பி.காம்., எல்எல்.பி.யின் பயன் இதைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது. வருமானவரி, ஜி.எஸ்.டி. அதிகாரிகள் முன் ஆஜராக வழக்கறிஞருக்கு பி.காம். தேவையில்லை; வழக்கறிஞர் என்ற தகுதியே போதும். ஆனால் கணக்கைப் படிக்கத் தெரியாமல் அங்கே நின்று பயனில்லை. ஒரு சிறு எடுத்துக்காட்டு: கடன் வாங்கிய நிறுவனம் தன் ஆண்டு இருப்புநிலைக் குறிப்பில் (பாலன்ஸ் ஷீட்) அந்தக் கடனைக் காட்டியிருந்தால், அது வழக்குத் தொடுப்பதற்கான கெடுவை வகுக்கும் காலவரையறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி கடனை ஒப்புக்கொண்டதாக அமைந்து, கெடு புதிதாகத் தொடங்கலாம் என்றும், இயக்குநர்களோ தணிக்கையாளரோ அதில் எழுதியுள்ள குறிப்புகளையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2021-இல் கூறியது. தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் திவால் மனு தாக்கல் செய்யும் ஜூனியரிடம் சீனியர் கொடுக்கும் காகிதக் கட்டுக்குள் மூன்று ஆண்டு இருப்புநிலைக் குறிப்புகள் இருக்கும். கடன் எந்தத் தலைப்பின்கீழ் வந்திருக்கிறது, எந்த ஆண்டில் மறைந்தது, எந்த அடிக்குறிப்பு அதை மறுக்கிறது என்று அவர் தேட வேண்டும். கம்பெனிக் கணக்கியலைப் படித்தவர் அதை ஒரு மணி நேரத்தில் முடிப்பார். மற்றவர் ஆடிட்டரைத் தேடிப் போவார். கம்பெனி செக்ரட்டரி படிப்பையும் சேர்த்துச் செய்ய நினைப்பவருக்கும் இதுவே இயல்பான வழி. எனினும் பிளஸ் டூவில் கணக்குப்பதிவியலைத் தொடாதவர், ‘ஸ்கோப்’ என்ற ஒரே காரணத்துக்காக இதில் சேர்வது, சட்டப் பாடங்களுக்குச் செலவிட வேண்டிய நேரத்தை அரியர் எழுதுவதில் கரைப்பதாகவே பல நேரங்களில் முடிகிறது.

பி.பி.ஏ., எல்எல்.பி.யைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மேலாண்மைக் கோட்பாடுகள், சந்தைப்படுத்தல், மனிதவளம் என்று எல்லாவற்றிலும் சிறிது கிடைக்கிறது. எதிலும் ஆழம் கிடைப்பதில்லை. பின்னாளில் எம்.பி.ஏ. சேர எந்தப் பட்டமும் போதும் என்பதால், அந்த வாதமும் நிற்காது. தொழில் நடத்தும் குடும்பத்தில் பிறந்து, அந்தத் தொழிலுக்கே திரும்பப் போகிறவருக்கு இது பொருந்தலாம்.

பி.சி.ஏ., எல்எல்.பி. குறித்து ஐந்து ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் வேறு விடை சொல்லியிருப்பேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாக முன்வைக்கும்போது சான்றிதழ் ஒன்றையும் இணைக்கச் சொல்கிறது. அதன் முதல் பகுதியைப் பதிவைத் தாக்கல் செய்பவரும், இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கோப்பு மாறினால் தானும் மாறும் அடையாளக் குறியீடு), எந்த வழிமுறையில் அது கணக்கிடப்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். வாட்ஸ்ஆப் உரையாடலும் சிசிடிவி காட்சியும் இல்லாத குற்ற வழக்கே அரிதாகிவிட்ட இன்றைய நிலையில், ஹாஷ் மதிப்பு மாறினால் என்ன பொருள் என்று அறிந்த வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்கும் கேள்விகள் வேறு தரத்தில் இருக்கும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இத்தகையவர்களுக்கு நிறுவனங்களில் இடம் உண்டாக்கும். ஆனால் நிரலாக்கத்தில் உண்மையான விருப்பம் இல்லாதவருக்கு இந்தப் பிரிவு சுமை. ‘சைபர்’ என்ற சொல்லின் கவர்ச்சி இரண்டாம் பருவத்தோடு தீர்ந்துவிடும்.

அறிவியல் பிரிவில் படித்து, காப்புரிமைத் துறையில் நாட்டம் உள்ளவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. காப்புரிமைச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, பிறருக்காகக் காப்புரிமை விண்ணப்பங்களைத் தயாரித்துத் தாக்கல் செய்யும் காப்புரிமை முகவராகப் பதிவு செய்ய அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் வேண்டும் என்கிறது. பி.ஏ., எல்எல்.பி.யோ பி.காம்., எல்எல்.பி.யோ அந்தக் கதவைத் திறக்காது. காந்திநகரில் உள்ள குஜராத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் போல பி.எஸ்சி., எல்எல்.பி. வழங்கும் நிறுவனத்துக்குப் போகலாம், இல்லையெனில் பி.எஸ்சி.யோ பி.இ.யோ முடித்துவிட்டு மூன்றாண்டு எல்எல்.பி. படிக்கலாம். இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன்.

இந்த மூன்றாண்டு வழியை ஐந்தாண்டுப் படிப்பின் ஏழை உறவினராகப் பார்ப்பது தவறு. ஐந்தாண்டுப் படிப்பு குறைந்தது ஓர் ஆண்டை மிச்சப்படுத்துகிறது. கீழமை நீதித்துறையில் சிவில் நீதிபதி பதவிக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் நிலைநாட்டிய பிறகு, அந்த ஓர் ஆண்டுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. இன்டர்ன்ஷிப்பும் ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரம், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரம். ஆனால் பெற்றோர் பலர் கவனிக்காத விதி ஒன்று உண்டு: ஒருங்கிணைந்த பட்டத்தை நடுவில் பிரித்துக் கொடுக்க பார் கவுன்சில் அனுமதிப்பதில்லை. மூன்றாம் ஆண்டின் முடிவில் ‘சட்டம் எனக்கு ஒத்துவரவில்லை’ என்று விலகினால், கையில் பி.ஏ.யும் இருக்காது, பி.காமும் இருக்காது; மதிப்பெண் பட்டியல்கள் மட்டுமே மிஞ்சும். பதினேழு வயதில் வழக்கறிஞர் தொழில்மீது அரைமனது கொண்டவருக்கு, பட்டம் முடித்துவிட்டு வரும் மூன்றாண்டு வழியே பாதுகாப்பானது. அப்படி வருபவர்கள், பள்ளிப் படிப்பு முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டம் இதற்குச் செல்லாது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, முன்னால் நிற்கும் பட்டத்தைவிடக் கல்லூரியே பெரிது என்பது என் கருத்து. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ., பி.காம். ஆகிய இரண்டும் உண்டு. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், கட்டணமும் அதிகம். சென்னையில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் நான்கு ஹானர்ஸ் பட்டங்களும் உள்ளன. நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோல், அதனால் கட்-ஆஃப் உயரத்தில் நிற்கும். மதுரை, கோவை, திருநெல்வேலி முதலிய ஊர்களின் அரசு சட்டக் கல்லூரிகளில் பெரும்பாலும் பி.ஏ., எல்எல்.பி.தான், கட்டணம் மிகக் குறைவு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021-ஆம் ஆண்டின் சட்டப்படி சட்டப் படிப்பிலும் 7.5 விழுக்காடு இடங்கள் உண்டு என்பதை அந்தப் பள்ளிகளிலேயே பலர் அறியாமல் இருக்கிறார்கள்.

ஆகவே, சொந்த ஊருக்கு அருகே அரசுக் கல்லூரியில் பி.ஏ., எல்எல்.பி. இடமும், வங்கிக் கடன் வாங்கிச் சேர வேண்டிய தனியார் கல்லூரியில் பி.பி.ஏ., எல்எல்.பி. இடமும் ஒருசேரக் கிடைத்தால், முதலாவதை எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தில் ஜூனியராக இருக்கும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளை ஓட்டுவதே அறிவுடைமை. அந்த ஆண்டுகளில் பல சீனியர்கள் தருவது பேருந்துக் கட்டணத்துக்கே பற்றாது. பிளஸ் டூவில் வணிகவியல் படித்து, அதில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவருக்குச் சீர்மிகு சட்டப் பள்ளியில் பி.காம். இடம் கிடைத்திருந்தால் மட்டும், வீட்டுக்கு அருகில் கல்லூரி இருந்தாலும் சென்னைக்குப் போகச் சொல்வேன்.