எஃப்பிஎஸ்ஸுக்காக டெஸ்க்டாப் மாற்றாதீர்கள்

"எந்த டெஸ்க்டாப்பில் எஃப்பிஎஸ் கூட வரும்?" லினக்ஸில் கேம் ஆடலாம் என்று வருபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். எஃப்பிஎஸ் என்றால் நொடிக்கு எத்தனை ஃபிரேம் வருகிறது என்பது; டெஸ்க்டாப் என்பது இங்கே மெனு, பேனல், ஜன்னல்களைத் தரும் மென்பொருள். 2022-லிருந்து எக்ஸ்எஃப்சிஇ, க்னோம், கேடிஇ பிளாஸ்மா மூன்றையும் ஒரே கணினியில் மாற்றி மாற்றிப் போட்டு ஆடியிருக்கிறேன். கேம் முழுத்திரைக்குப் போனபின் இரண்டு மூன்று ஃபிரேம்கூட வித்தியாசம் தெரியவில்லை. எஃப்பிஎஸ்ஸைத் திரை ஓரத்தில் காட்டும் மாங்கோஹட் கருவியின் எண்ணையே பார்த்துக் கண் வலித்ததுதான் மிச்சம்.

எனக்கு உதைத்தது மானிட்டரில். ஒன்று 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும்), பக்கத்தில் பழைய 60 ஹெர்ட்ஸ். எக்ஸ்எஃப்சிஇ ஓடுவது எக்ஸ்11-இல், அதாவது திரையில் படம் காட்டும் பழைய அமைப்பில். அது இரண்டையும் சேர்த்து ஒரே பரப்பாகத்தான் பார்க்கும். இரண்டாவது மானிட்டரைச் செருகியிருந்தவரை எனக்கு விஆர்ஆர் (கேமின் வேகத்துக்கேற்ப மானிட்டரின் ஹெர்ட்ஸ் மாறும் வசதி) வேலை செய்யவே இல்லை. எக்ஸ்எஃப்சிஇயை விட்டதற்கு இது ஒன்றுதான் காரணம். 2024 டிசம்பரில் வந்த அதன் 4.20 பதிப்பிலும், எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த வேலண்ட் அமைப்புக்கான ஆதரவு சோதனை நிலையில்தான் இருந்தது.

க்னோம் பார்க்க அழகு, கவனத்தைச் சிதறடிக்காது. ஆனால் விஆர்ஆர் 2024 மார்ச்சில், 46-ஆம் பதிப்பில்தான் வந்தது, அதுவும் சோதனை வசதியாக. பின்னணியில் ஓடும் ஆப்களின் ட்ரே ஐகான் தெரிய எக்ஸ்டென்ஷன் என்ற துணை நிரல் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பதிப்பு வரும்போது அது ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை நான் பார்க்கவில்லை. அன்று ராத்திரி ட்ரேயில் வாய்ஸ் சாட் ஐகான் இல்லை, மைக் திறந்திருந்தது எனக்குத் தெரியவும் இல்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டுத் திட்டியதை டீம் முழுக்கக் கேட்டது.

பிளாஸ்மா 6 வந்தது 2024 பிப்ரவரியில். வேலண்ட்தான் இயல்பிருப்பு, எச்டிஆரும் (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் காட்டுவது) எட்டிப்பார்த்தது. ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனி ஹெர்ட்ஸ், தனித்தனி விஆர்ஆர். விஆர்ஆரை 'எப்போதும்' என்று வைத்தால் என் திரையில் வெளிச்சம் ஏறி இறங்கும், 'தானியங்கி' போதும். திரையை 125 சதவீதம் பெரிதாக்கி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: புரோட்டான் (விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) வழி ஓடும் கேம்கள் பெரும்பாலும் எக்ஸ்வேலண்டில்தான், அதாவது எக்ஸ்11 ஆப்களை வேலண்டில் காட்டும் பாலத்தில்தான், ஓடுகின்றன. பழைய எக்ஸ்11 ஆப்களுக்கான அளவை ஆப்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால்தான் கேம் மங்கலாகாமல் வரும்.

என்விடியா கார்டுக்காரர்களை வெகுநாள் படுத்திய மினுக்கல், 2024 ஜூனில் பிளாஸ்மா 6.1-உம் 555 டிரைவரும் எக்ஸ்ப்ளிசிட் சிங்க் (ஃபிரேம் வரைந்து முடிந்த பின்பே திரைக்குப் போவதை உறுதிசெய்யும் முறை) கொண்டுவந்த பிறகு பெருமளவு அடங்கியது. அதற்கு முந்தைய பதிவுகளைப் படித்துப் பயப்பட வேண்டாம். ஸ்டீம் டெக்கின் டெஸ்க்டாப் மோடிலும் பிளாஸ்மாதான் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. அமைப்புகள் அவ்வளவு, பேனலை நகர்த்தி நகர்த்தியே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறது. கேம் ஃபோல்டரைக் கோப்புத் தேடல் இண்டெக்ஸிங்கிலிருந்து நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பெரிய கேம் இறங்கும்போது டிஸ்க்குக்குச் சும்மா வேலை.

தம்பியின் 4 ஜிபி லேப்டாப்பில் மட்டும் இன்னும் எக்ஸ்எஃப்சிஇ. ஒரே திரை, பழைய கேம்கள், ஜன்னல்களுக்கு நிழல், ஒளிபுகும் தன்மை போன்றவற்றைத் தரும் கம்போசிட்டரை அணைக்க ஒரு டிக். அதை மாற்றச் சொன்னால் அவன் விடமாட்டான்.