கனவையும் பயணத்தையும் சேர்த்து எழுதற நோட்டு: ஏழு மாசம் வெச்சிருந்து எழுதற ரிவ்யூ

இந்த ரிவ்யூவை நோட்டு முழுசா தீர்ந்தப்புறம்தான் எழுதணும்னு காத்திருந்தேன், போன வாரம் கடைசிப் பக்கமும் தீர்ந்துடுச்சு. ஏ5 சைஸ், 192 பக்கம், துணி ஒட்டின கெட்டி அட்டை, தையல் பைண்டிங், ரெண்டு ரிப்பன், பேனா சொருக ஒரு வளையம். முதல் மூணுல ஒரு பங்கு கனவு எழுதறதுக்கு, வெறும் புள்ளி பேப்பர். மீதி பயணத்துக்கு, விஷயமே அங்கதான் இருக்கு: விரிச்சா இடது பக்கத்து மேல "போறதுக்கு முன்னாடி மனசு என்ன சொல்லுது"ன்னு இருக்கும், வலது பக்கத்து மேல "போயிட்டு வந்தப்புறம் என்ன ஆச்சு"ன்னு இருக்கும். டிசைன்னு சொன்னா அவ்வளவுதான்.

இதை வாங்க வெச்சது ஒரே ஒரு கனவு. விடியறதுக்கு முன்னாடி இருட்டு, ஒரு கப்பலோட மேல்தளத்துல நான் மட்டும் நிக்கறேன், தூரத்துல கரை லேசா ஒரு கோடு மாதிரி தெரியுது, எந்த இடம்னு தெரியல ஆனா மனசுல துளி பயம் இல்ல. எனக்கு நீச்சல் தெரியாது, தண்ணின்னாலே நாலடி தள்ளி நிக்கற ஆளு, தனியா ஒரு ராத்திரி கூட வெளியூர்ல தங்கினது கிடையாது, அப்படி இருக்கறப்ப இந்தக் கனவு மட்டும் ஏன் விடாம வருதுன்னு புரியாம, யார்கிட்டயும் சொல்லவும் முடியாம, சரி எத்தனை தடவை வருதுன்னாவது கணக்கு வெப்போம்னுதான் வாங்கினேன். நாலு மாசத்துல 9 தடவை. எழுதி வெக்கலைன்னா "அப்பப்போ வரும்"னு சொல்லிட்டு விட்டிருப்பேன், 9ன்னு எழுத்துல பார்த்தப்பதான் இது சும்மா வந்துட்டுப் போற ஆசை இல்லன்னு உறைச்சுது.

முதல்ல கனவுப் பக்கத்தைப் பத்தி சொல்லிடறேன். தூக்கத்துல கண்மணி வேகமா ஓடற ஒரு கட்டம் இருக்குன்னு 1953-ல அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் எழுதினாங்க, ரெம் தூக்கம்னு சொல்றோமே அதுதான், கதை மாதிரி தெளிவா வர்ற கனவு பெரும்பாலும் அப்பதான் வரும். ஏறக்குறைய 90 நிமிஷத்துக்கு ஒரு சுத்து, விடியவிடிய இந்தக் கட்டம் நீண்டுக்கிட்டே போகும், அதனால அலாரம் அலறி அடிச்சுப் பிடிச்சு எழுந்தா அந்தக் கடைசிப் பெரிய கனவு கையிலேர்ந்து நழுவிடும். நான் பண்றது என்னன்னா முழிப்பு வந்ததும் புரளாம, கண்ணைத் திறக்காம, கடைசிக் காட்சியைப் பிடிச்சுக்கிட்டு அங்கேர்ந்து பின்னாடியே போறது, அப்புறம் தலைமாட்டு நோட்டை எடுத்து முதல்ல வெறும் வார்த்தைங்களை எழுதிடறது, வாக்கியமெல்லாம் பொறவு பார்த்துக்கலாம்.

ஆனா எழுதினா மட்டும் போதாது, காலையில படிக்க முடியணும். நரம்போட சேதி ரசாயனம் வழியா போகுதுன்னு காட்டி 1936-ல நோபல் வாங்கின ஓட்டோ லோவிக்கு அந்தச் சோதனையே கனவுலதான் தோணுச்சுன்னு அவரே சொல்லியிருக்கார். ராத்திரி எழுந்து ஒரு துண்டுச் சீட்டுல கிறுக்கி வெச்சுட்டு மறுபடி தூங்கிட்டார், காலையில பார்த்தா தன் கையெழுத்து தனக்கே புரியல. அடுத்த ராத்திரி அதே யோசனை திரும்ப வந்துச்சு, இந்தத் தடவை சீட்டையெல்லாம் தேடல, எழுந்து நேரா ஆய்வகத்துக்கே போயிட்டார், தவளை இதயத்துல பண்ணிப் பார்த்துட்டார். எல்லாருக்கும் கனவு ரெண்டாம் தடவை வந்து நிக்குமா என்ன. அதனாலதான் சொல்றேன், பக்கம் அகலமா இருக்கறது, விரிச்சா மூடிக்காம தட்டையா கிடக்கறது, இதெல்லாம் கடையில பார்க்கறப்ப சின்ன விஷயமா தெரியும், அரைத்தூக்கத்துல எழுதறவங்களுக்கு இதுதான் முக்கியம். இதுல இந்த நோட்டுக்கு முழு மார்க்.

கூட குடுக்கற பால்பாயிண்ட் பேனா வேஸ்ட், படுத்துக்கிட்டு மேல பார்த்து எழுதினா நாலு வரியில நின்னுடுது, பென்சில் வெச்சுக்கோங்க. இங்க் பேனா பிடிச்சவங்களுக்கு, பேப்பர் 80 ஜிஎஸ்எம்தான், பின்பக்கம் ஊறித் தெரியுது. விமானத்துல போறப்ப இன்னொண்ணு, உள்ள காத்தழுத்தம் ஏறக்குறைய 1,800லேர்ந்து 2,400 மீட்டர் உயரத்துல இருக்கற அளவுக்குக் குறைஞ்சுடும், பேனாவுல பாதி இங்க் பாதி காத்துன்னா அந்தக் காத்து விரிஞ்சு இங்கை வெளிய தள்ளிடும், எனக்கு ரெண்டு பக்கம் அப்படித்தான் பாழாச்சு. நிப் மேல பார்த்த மாதிரி வெச்சா தப்பிக்கலாம்.

இப்ப பயணப் பக்கம். முதல்ல எழுதினதே அந்தக் கப்பலுக்காகத்தான். ராத்திரி முழுக்கப் போய் காலையில ஒரு தீவுல இறக்கி விடற பயணிகள் கப்பல், நான் தனியா. டிக்கெட் போடறதுக்கு முன்னாடி இடது பக்கத்துல எழுதினது இது: கப்பல் ஆடினதும் எனக்குத் தலை சுத்தும், ராத்திரி தூங்க மாட்டேன், பாதி வழியிலயே ஏன் வந்தோம்னு ஆகிடும், தங்கற வீட்டுக்காரம்மா போன்ல பேசினது மனசுக்கு நல்லா பட்டுச்சு நம்பலாம், அங்க யார்கூடவும் நானா பேச மாட்டேன். வலது பக்கத்தை நாலு நாள் கழிச்சு திரும்பி வர்ற கப்பல்லயே உக்காந்து எழுதினேன். தலை சுத்தல. ரெண்டு மணி வரைக்கும் தூங்கல, அது சரியாத்தான் சொல்லியிருக்கேன். வீட்டுக்காரம்மா நினைச்சதை விட நல்லவங்க, ரெண்டாம் நாள் பக்கத்து மலைப்பாதையில எனக்குத் துணையா பாதி தூரம் வந்தாங்க, வழியெல்லாம் நான்தான் பேசிக்கிட்டே போனேன். அப்புறம் அந்த விடியக்காலை. கம்பியைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டு மேல்தளத்துக்கு ஏறினேன். கரை கனவுல பார்த்த மாதிரி இல்லவே இல்ல, தண்ணிக்குள்ளேர்ந்து ஒரு மலை எழுந்து நிக்கற மாதிரி கறுப்பா இருந்துச்சு, டீசல் வாசனை, காத்து காதை அடைச்சுது, ஆனா பயமில்லாத அந்த மனசு மட்டும் அப்படியே அச்சு அசல் அதே. அங்கயே அழுதுட்டேன், அதையும் எழுதியிருக்கேன்.

இத்தனை வருஷம் என்னைத் தடுத்தது எதுன்னா, கிளம்பணும்னு நினைச்சாலே நெஞ்சு படபடன்னு அடிக்கும், அதை நான் உள்ளுணர்வே வேணாம்னு சொல்லுதுன்னு எடுத்துக்கிட்டு நின்னுடுவேன். டார்வினுக்கும் 22 வயசுல இதே ஆகியிருக்கு. பீகிள் கப்பல் 1831 டிசம்பர் 27 அன்னைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி துறைமுகத்துல காத்திருந்த நாள்ல நெஞ்சு படபடப்பு, வலி, தனக்கு இதய நோய்தான்னு முடிவே பண்ணிட்டார், டாக்டர்கிட்ட போனா பயணம் கூடாதுன்னு சொல்லிடுவாங்கன்னு போகவும் இல்ல. (அது எனக்கு உடன்பாடு இல்ல, நெஞ்சு வலின்னா நீங்க டாக்டரைப் பாருங்க.) அவர் அப்பா கூட முதல்ல வேணாம்னுதான் சொன்னார், மாமாதான் பேசி சம்மதிக்க வெச்சார். அந்தப் பயணம் ஏறக்குறைய அஞ்சு வருஷம் நீண்டுச்சு, அதுல பாதிக்கு மேல அவர் கரையிலதான் சுத்தினார், பாக்கெட்டுல சின்னச்சின்ன நோட்டு வெச்சு எழுதிக்கிட்டே. ஆக படபடப்பு அன்னைக்கு அவருக்குச் சொன்ன சேதி தப்பு.

அப்போ மனசு சொல்றது எப்பதான் சரியா இருக்கும்ங்கற கேள்வி எனக்கு ரொம்ப நாளா இருந்துச்சு. தீயணைப்பு வீரர்களை ஆராய்ஞ்ச கேரி க்ளெய்ன்ங்கற உளவியலாளர் ஒரு சம்பவம் சொல்லியிருக்கார். ஒரு வீட்டுல சமையலறைத் தீ, தண்ணி அடிச்சும் அடங்கல, அந்தத் தீக்கு இவ்வளவு சூடு இருக்கக் கூடாது, சத்தமோ ரொம்பக் கம்மி, என்னமோ சரியில்லன்னு பட்டு அதிகாரி எல்லாரையும் வெளிய இழுத்துட்டு வந்துட்டார், வந்த கொஞ்ச நேரத்துல அவங்க நின்ன தரை இடிஞ்சு விழுந்துச்சு, நிஜத் தீ அடித்தளத்துல இருந்திருக்கு. அந்த அதிகாரிக்கே அது ஏதோ அபூர்வ சக்தின்னுதான் தோணியிருக்கு. உண்மையில வருஷக்கணக்கா பார்த்த தீயோட இது ஒத்துப்போகலைன்னு மனசு கண்டுபிடிச்சிருக்கு, வாயால சொல்லத் தெரியல, அவ்வளவுதான். க்ளெய்னும் டேனியல் கானெமன்ங்கற இன்னொரு உளவியலாளரும் இந்த விஷயத்துல ஆளுக்கொரு பக்கம் நின்னவங்க, 2009-ல சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினாங்க, அதுல ஒத்துக்கிட்டது என்னன்னா சூழல்ல ஒரு ஒழுங்கு இருக்கணும், அதுல நமக்கு நிறைய பழக்கம் வேணும், செஞ்சது சரியா தப்பான்னு தெரியணும், அப்பதான் உள்ளுணர்வு நம்பறதுக்கு ஏத்ததா வளரும்.

அந்த மூணாவதைத்தான் இந்த நோட்டு செய்யுது. ஆறு பயணம் போனப்புறம் கணக்கு பார்த்தேன், மொத்தம் 38 கணிப்பு. மனுஷங்களைப் பத்தி எழுதினது 13, அதுல 11 சரி. என்னால முடியுமா முடியாதான்னு என்னைப் பத்தியே எழுதினது 16, சரியா வந்தது வெறும் 3. மீதி வானிலை, பஸ், ரூம்னு கலவை, ஏறக்குறைய பாதிக்குப் பாதி. மனுஷங்களோட எனக்கு ஆயுசு முழுக்கப் பழக்கம் இருக்கு, தனியா பயணம் போறதுல பழக்கமே கிடையாது, பழக்கமே இல்லாத இடத்துல வர்ற "முடியாது"ங்கறது வெறும் பயம்தான். இதை யார் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன், என் கையெழுத்துல இருந்ததால நம்பினேன். ஒரே ஒரு குறை, தப்பா பட்டு ஒதுங்கிட்ட விஷயத்துக்கு வலது பக்கத்துல எழுத எதுவும் இருக்காது. ஒரு ராத்திரி ஒருத்தர் வண்டியில கொண்டு போய் விடறேன்னார், மனசுக்குப் படல, ஏறல. சரியா தப்பான்னு தெரியவே தெரியாது. இந்த மாதிரி விஷயத்துல மட்டும் நான் கணக்கே பார்க்கறதில்ல, படலைன்னா ஏறாதீங்க.

பிடிக்காததும் இருக்கு. முன்னாடி நாலு பக்கத்துக்கு கனவுல பாம்பு வந்தா இது, தண்ணி வந்தா அதுன்னு ஒரு பட்டியல் போட்டிருக்காங்க, ஆதாரம் எதுவும் கிடையாது, நான் க்ளிப் போட்டு மூடிட்டேன். நடுநடுவுல "இன்னைக்கே எல்லாத்தையும் விட்டுட்டு கிளம்பு"ன்னு பெரிய எழுத்துல வருது, இது எனக்கு நிஜமாவே கோபம் வர வெச்சுது. சம்பளத்தை நம்பி வீட்டுல நாலு பேர் இருக்கறவங்க இதைப் படிச்சா என்ன பண்ணுவாங்க? என் கனவு எனக்கு என்ன வேணும்னு காட்டுச்சு, எப்ப எப்படி போறதுன்னு நான் லீவையும் கையிருப்பையும் பார்த்துதான் முடிவு பண்ணேன், நாலு நாள் போதுமா இருந்துச்சு. எலாஸ்டிக் மூணாம் மாசமே தொளதொளன்னு ஆயிடுச்சு.

இன்னொண்ணு விட்டுட்டாங்க, மனசைக் கேக்கவே கூடாத விஷயங்களுக்கு ஒரு இடம் வேணும். அடுத்து உயரமான மலைக்குப் போறேன், சுமார் 2,500 மீட்டருக்கு மேல போனா உயரத்தால வர்ற நோய் யாருக்கு வேணா வரலாம், 3,000 மீட்டருக்கு மேல தூங்கற இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு சொல்றாங்க, தலைவலி வந்தா மேல ஏறக் கூடாது. அங்க போய் "எனக்கு நல்லாத்தான் படுது"ன்னு ஏற முடியாது. அதனால ரெண்டாவது நோட்டு வாங்கினதும் முதல் வேலையா பின்அட்டையில ஒரு தாள் ஒட்டி நாள்வாரியா உயரம், மருந்து, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர் எல்லாம் எழுதிட்டேன். வாங்கறவங்க கோடு போட்டது வாங்காதீங்க, புள்ளி பேப்பர்தான் வாங்கணும், இருட்டுல எழுதறப்ப எழுத்து எப்படியும் கோட்டுல நிக்காது.